ஊருக்கு ஏற்ற பள்ளி நாட்காட்டி: தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் திட்டமிடும் முறை

வேதாரண்யத்தில் உப்பளத்தை ஒட்டி நிற்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கும், பந்தலூரில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பள்ளிக்கும், ஜவ்வாதுமலையில் இரண்டு மைல் நடந்து பிள்ளைகள் வந்து சேரும் பள்ளிக்கும் கல்வித்துறையிலிருந்து வருவது ஒரே நாட்காட்டிதான். ஜூனில் திறப்பு, செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, ஏப்ரலில் ஆண்டு இறுதித் தேர்வு என்று அது வரிசை போட்டு விடுகிறது. மழையோ பந்தலூரில் ஜூலையிலும் வேதாரண்யத்தில் நவம்பரிலும் பெய்கிறது. அறுவடை, கொடைவிழா, செங்கல் சூளைக்குக் குடிபெயரும் காலம் எல்லாம் ஊருக்கு ஊர் வேறு. இந்த இடைவெளியை விதிகளுக்கு உட்பட்டு எவ்வளவு தூரம் குறைக்கலாம், அதற்கு யாரிடம் எதை எப்போது கேட்க வேண்டும் என்பதைத் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் விளக்குவதே இங்கு நோக்கம். விடுமுறையைக் கூட்டிக்கொள்ளும் வழி இதில் இல்லை. பிள்ளைகள் எப்படியும் வராத நாளை விட்டுக்கொடுத்து, வரக்கூடிய வேறொரு நாளில் பள்ளியை நடத்துவதே இதன் உள்ளடக்கம்.

முதலில் நாள் கணக்கு

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்களையும் 800 மணி நேரக் கற்பித்தலையும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 வேலை நாட்களையும் 1000 மணி நேரக் கற்பித்தலையும் கேட்கிறது. நாளும் மணியும் தனித்தனி நிபந்தனைகள் என்பதால், ஒன்றை நிறைவேற்றிவிட்டால் மற்றொன்று தள்ளுபடியாகிவிடாது.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் 1 முதல் ஏப்ரல் 30 வரை 334 நாட்கள். சனி, ஞாயிறுகளைக் கழித்தால் ஏறக்குறைய 238 நாட்கள் மிஞ்சும். அதிலிருந்து வார நாட்களில் விழும் அரசு விடுமுறைகள், காலாண்டுத் தேர்வு விடுமுறை, அரையாண்டுத் தேர்வு விடுமுறை, பொங்கல் ஆகியவற்றைக் கழித்தால் கையில் நிற்பது 210-ஐ ஒட்டிய ஓர் எண்ணாகவே இருக்கும். பள்ளி ஜூன் முதல் நாளிலேயே திறந்தால்தான் அதுவும். 2023-இல் வெயில் தணியாததால் திறப்பு இரண்டு முறை தள்ளிப்போய், ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12 என்றும் தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 என்றும் ஆனது. 2024-இல் ஜூன் 10 ஆயிற்று. ஆக, தொடக்கப் பள்ளிக்குச் சில நாட்கள் இடம் இருக்கிறது. நடுநிலை வகுப்புகளுக்குச் சனிக்கிழமைகளைத் தொடாமல் 220 வராது.

மணிக் கணக்கின் நிலை வேறு. எட்டுப் பாடவேளைகள், ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்று வைத்தால் ஒரு நாளுக்கு 5 மணி 20 நிமிடம் கிடைக்கிறது. 200 நாட்களுக்கு அது 1000 மணியைத் தாண்டிவிடும். தொடக்க வகுப்புகளுக்குச் சட்டம் கேட்பதோ 800. நாள் நமக்கு இறுக்கம், மணி நமக்குத் தாராளம் என்ற இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் முடிவுகள் பலவும் எளிதாகிவிடும். மதிய வெயிலுக்காகவோ மாலை மழைக்காகவோ உரிய அனுமதியுடன் ஒரு மணி நேரம் முன்னதாகப் பள்ளியை விடுவது, நம்மிடம் நிறைய இருப்பதிலிருந்து கொஞ்சம் எடுப்பதாகும். ஒரு நாள் மூடுவது இல்லாததிலிருந்து எடுப்பதாகும். தினமும் அரை மணி கூடுதலாக நடத்திச் சனிக்கிழமைகளைத் தவிர்த்துவிடலாம் என்று ஆசிரியர் கூட்டங்களில் யாராவது ஒருவர் எழுந்து சொல்வது வழக்கம். அந்த யோசனை நிற்காமல் போவதும் இதே காரணத்தால்தான்.

முடிவெடுக்கும் அதிகாரம்

சட்டத்தின் 9-ஆவது பிரிவு, உள்ளாட்சி அதிகார அமைப்பின் கடமைகளைப் பட்டியலிடும்போது அதன் கடைசி உட்பிரிவில் கல்வி நாட்காட்டியை முடிவு செய்வதையும் சேர்த்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், நாட்காட்டியை மாநில அளவிலிருந்து கீழே இறக்கி ஊரின் தொழிலோடும் பருவத்தோடும் பொருந்தச் செய்வதை ஆதரிக்கிறது. தமிழ்நாட்டின் நடைமுறையில் ஆண்டு நாட்காட்டி துறையிலிருந்தே வருகிறது. ஆகவே சட்டப் பிரிவை மேற்கோள் காட்டி ஊராட்சித் தலைவரிடம் விடுமுறை வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் நம் கோரிக்கை சட்டத்தின் போக்குக்கு எதிரானது இல்லை என்று முன்மொழிவில் ஒரு வரி எழுத அந்தப் பிரிவு உதவும்.

நடைமுறையில் மூன்று படிகள் உள்ளன. பாடங்களை எந்த மாதத்தில் நடத்துவது, பெற்றோர் கூட்டத்தையும் ஆண்டு விழாவையும் களப் பயணத்தையும் எந்த நாளில் வைப்பது என்பவை பள்ளியின் கையிலேயே இருப்பவை. பள்ளி நேர மாற்றம், சனிக்கிழமை வேலை நாள் போன்றவை வட்டாரக் கல்வி அலுவலர் அல்லது மாவட்டக் கல்வி அலுவலர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலர் வரை போக வேண்டியவை. மாவட்டம் அல்லது வட்டம் முழுமைக்குமான உள்ளூர் விடுமுறையை ஆட்சியர்தான் அறிவிக்க முடியும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்குப் பொது வினாத்தாள் வருவதாலும், பத்தாம் வகுப்பு முதல் உள்ள பொதுத் தேர்வுகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் மாநிலம் முழுமைக்கும் ஒரே நாளில் நடத்துவதாலும், உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் இந்த நெகிழ்வு பெரிதும் சுருங்கிவிடுகிறது. உங்கள் உழைப்பை எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காகச் செலவிடுவதே பயன் தரும்.

ஒரே நிர்வாகத்துக்குள் இரண்டு நாட்காட்டிகள் இருப்பது ஒன்றும் புதுமையில்லை. இமாச்சலப் பிரதேசத்தில் கோடை விடுமுறைப் பள்ளிகள், குளிர்கால விடுமுறைப் பள்ளிகள் என இருவகை உண்டு. இலங்கையில் சிங்கள, தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு தவணை அட்டவணையும், ரமலான் நோன்பைக் கணக்கில் கொண்டு முஸ்லிம் பள்ளிகளுக்கு வேறோர் அட்டவணையும் கல்வி அமைச்சே வெளியிடுகிறது. நீலகிரியில் கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கும், கோவை மாவட்டத்தில் வால்பாறைக்கும் இப்படித் தனி ஏற்பாடு ஒன்றைப் பேசிப் பார்க்கலாம் என்பது என் கருத்து. தென்மேற்குப் பருவமழையில் அங்கே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் விடுமுறை அறிவிப்பு அடுத்தடுத்து வருகிறது. வேலூரும் கரூரும் தகிக்கும் ஏப்ரல் கடைசியிலோ அங்கே பாடம் நடத்த முடியாத வெயில் இல்லை. ஆனால் அது அரசாணைக்கு உரிய விஷயம் என்பதால், ஒரு பள்ளி மட்டும் கேட்டால் நகராது. அந்த வட்டத்தின் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் சேர்ந்து கேட்க வேண்டும்.

வருகைப் பதிவேட்டைப் படித்தல்

அலுவலகத்துக்கு முன்மொழிவு எழுதுவதற்கு முன் கடந்த மூன்று ஆண்டுகளின் வருகைப் பதிவேடுகளை மேசையில் விரித்து வையுங்கள். ஒவ்வொரு வேலை நாளுக்கும் வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டி, பாதிக்கும் குறைவானவர்கள் வந்த நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். எல்லா வகுப்புகளுக்கும் தேவையில்லை. மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வகுப்புகளைப் பார்த்தாலே ஊரின் நடை தெரிந்துவிடும். ஐந்தாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் மட்டும் குறைந்திருந்தால், தாய் வேலைக்குப் போகும் பருவத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அவர்கள் நிறுத்தப்பட்டிருக்கலாம். ஏழாம் வகுப்புப் பையன்கள் மட்டும் குறைந்திருந்தால் அவர்களே வேலைக்குப் போயிருக்கலாம். பின்னது குழந்தைத் தொழில் என்பதால், நாட்காட்டியைத் தளர்த்தி அதற்கு வசதி செய்து கொடுக்கும் தவறைச் செய்துவிடக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டிய விஷயம் அது.

வட்டமிட்ட நாட்களை ஆங்கில மாதத் தேதியோடு மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5, கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3 என்பவை தேதி மாறாதவை. பங்குனி உத்திரமும், மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளும், திருவண்ணாமலைத் தீபமும் திதியையும் நட்சத்திரத்தையும் பார்த்து வருபவை. நாகூர்க் கந்தூரி ஹிஜ்ரிக் கணக்கில் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக நகர்ந்துகொண்டே வரும். எனவே ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் தமிழ் மாதம், நாள், காரணம் மூன்றையும் எழுதுங்கள். காரணத்தைச் சொல்ல ஆசிரியர்களைவிடச் சத்துணவு அமைப்பாளரும் காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவினரும் பொருத்தமானவர்கள். எந்த நாளில் எவ்வளவு சோறு மிஞ்சியது என்பது அவர்களுக்கு நினைவிருக்கும்.

பிறகு இந்த நாட்களை வகைப்படுத்துங்கள். தேர், கொடை, கந்தூரி போன்றவற்றால் ஒன்றிரண்டு நாள் போவது ஒரு வகை. நடவு, அறுவடை, தொடர்மழை ஆகியவற்றால் ஒரு வாரம், பத்து நாள் வருகை சரிவது இன்னொரு வகை. குடும்பமே ஊரைவிட்டுப் போவதால் மாதக்கணக்கில் பிள்ளையைக் காணாமல் போவது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

ஒரு நாள் இழப்பு: உள்ளூர் விடுமுறையும் ஈடுசெய் நாளும்

பெரிய திருவிழாக்களுக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கும் ஆணைகளைப் படித்திருப்பீர்கள். அவை அனைத்திலும் வரும் இரண்டு வாசகங்களைக் கவனியுங்கள். இந்த விடுமுறை, வங்கிகளுக்கும் பொருந்தும் பொது விடுமுறைகளுக்கு அடிப்படையான 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்பதால் கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு இயங்கும் என்பது ஒன்று. இதற்கு ஈடாக இன்ன சனிக்கிழமை வேலை நாளாக இருக்கும் என்பது மற்றொன்று. இரண்டாவது வாசகம்தான் உங்கள் முன்மொழிவுக்கு மாதிரி. விடுமுறை கேட்கும் அதே வாக்கியத்தில் ஈடுசெய் நாளையும் எழுதிவிட்டால், அலுவலகத்தில் உங்கள் தாள் கோரிக்கையாக இல்லாமல் திட்டமாகப் படிக்கப்படும்.

ஈடுசெய் நாளைத் தேர்ந்தெடுப்பதில் எடுக்கும் அக்கறை பல பள்ளிகளில் போதாது. தாளில் சனிக்கிழமை வேலை நாள் என்று இருக்கும். அன்று பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். வராத ஒரு நாளை விட்டு இன்னொரு வராத நாளைப் பிடித்ததாக முடியும். அன்று ஊரில் சந்தை கூடுகிறதா, பிள்ளைகள் ஏறி வரும் பேருந்து சனிக்கிழமை அதே நேரத்தில் ஓடுகிறதா, முகூர்த்த நாளா என்பவற்றைப் பாருங்கள். பேருந்து இல்லாத மலைக் கிராமங்களில் சனிக்கிழமைக்குப் பதில், தேர்வு விடுமுறையில் ஒரு வார நாளைக் கேட்பது நல்லது. மதிய உணவுக்கும் காலை உணவுக்கும் பொருட்களுக்கான தேவைப் பட்டியல் வேலை நாள் எண்ணிக்கையை வைத்தே போவதால், குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக அமைப்பாளருக்கும் மகளிர் குழுவுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, சாப்பாடு இல்லாத வேலை நாளில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைப்பது முன்பைவிடக் கடினம். சனிக்கிழமைகளுக்கு ஆசிரியர்களிடையே எதிர்ப்பு இருக்கும். அதில் நியாயமும் உண்டு. ஆண்டுத் தொடக்கத்திலேயே அந்தத் தேதிகளை அவர்கள் கையெழுத்தோடு முடிவு செய்துவிட்டால், செப்டம்பரில் சண்டை வராது.

சின்ன ஊர்களின் கொடை நாளில் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஊர்க் கூட்டம் கூடிக் கால்நாட்டிய பிறகுதான் தேதி உறுதியாகும். அதற்குள் விண்ணப்பிக்கும் காலம் கடந்திருக்கும். ஆகவே ஜூன் மாதமே “ஆடி மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் ஒரு நாள், தேதி பின்னர் தெரிவிக்கப்படும்” என்று எழுதி ஒரு நாளைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர்த் திருவிழா என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் நிதானம் வேண்டும். ஒரே பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் ஊர்த்தெருவின் அம்மன் கொடைக்கு ஒரு பகுதியினரும், காலனியின் கோயில் விழாவுக்கு ஒரு பகுதியினரும், மாதா கோயில் கொடியேற்றத்துக்கு ஒரு பகுதியினரும் நிற்கக்கூடும். முதலாவதை மட்டும் விடுமுறையாக்கி மற்ற இரண்டு நாட்களிலும் வராத பிள்ளைகளை ஓரமாக நிற்க வைக்கும் பள்ளி, எந்தத் தெரு பெரியது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியதாக ஆகும். எல்லாவற்றுக்கும் விடுமுறை விட நாள் இல்லாதபோது, எதற்கும் விடாமல் அந்தந்த நாளில் புதிய பாடம் எடுக்காமலும் தேர்வு வைக்காமலும் இருப்பதே நேர்மையானது.

வாரக்கணக்கில் வரும் இழப்பு

டெல்டாவில் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை நடந்த ஆண்டில் செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. சம்பாவுக்குத் தை, மாசி. இயந்திர அறுவடை வந்த பின் பிள்ளைகள் வயலில் இறங்குவது குறைந்தாலும், வீட்டில் பெரியவர் இல்லாததால் காலையில் தாமதம் ஆவது குறையவில்லை. இதற்கு விடுமுறை கேட்பது வீண். அந்த இரண்டு வாரங்களுக்குப் பள்ளி தொடங்கும் நேரத்தை அரை மணி தள்ளி வைக்க அனுமதி கேட்டால் போதும். மணிக் கணக்கில் நமக்கு இடம் இருப்பதாக மேலே பார்த்தோமே, அது இங்கேதான் கைகொடுக்கும். நேரம் மாறும்போது காலை உணவு நேரமும் மாறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மழையின் கதை வேறு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோர மாவட்டங்களில் விடுமுறை அறிவிப்பு விடியற்காலையில்தான் வரும், திட்டமிட இடமில்லை. பள்ளிக் கட்டடமே நிவாரண முகாமாகிவிட்டால் மழை நின்ற பிறகும் பல நாள் திறக்க முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் நடந்தது இதுதான். 2015 வெள்ளத்துக்குப் பின் அரையாண்டுத் தேர்வே ஜனவரி 2016-க்குத் தள்ளிப்போனது. ஆகையால் கடலோரப் பள்ளிகள் ஆண்டுத் திட்டத்திலேயே எட்டு முதல் பத்து நாட்களைக் கையிருப்பாக ஒதுக்கிவைப்பது நல்லது என்பேன்; உள்மாவட்டங்களுக்கு நான்கு போதும். கையிருப்பு நாட்களை மார்ச், ஏப்ரலில் குவிக்காமல் ஜனவரி, பிப்ரவரிச் சனிக்கிழமைகளில் வையுங்கள். மார்ச்சில் பொதுத் தேர்வு மையமாகும் பள்ளிகளில் கீழ் வகுப்புகளுக்கு இடம் இருக்காது. ஏப்ரலில் வெயில் விடாது. தேர்தல் வரும் ஆண்டானால் வாக்குச்சாவடியும் பயிற்சியும் சேர்ந்துகொள்ளும். மழை குறைவாக இருந்து அந்தச் சனிக்கிழமைகள் தேவைப்படாமல் போனால் அவை ஆசிரியர்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நாட்காட்டியால் தீராதது

பொங்கல் முடிந்ததும் திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளிலிருந்து திருவள்ளூர், காஞ்சிபுரத்துச் செங்கல் சூளைகளுக்குக் குடும்பங்கள் போகின்றன. மழைக்கு முன் ஜூன் வாக்கில் திரும்புகின்றன. பதிவேட்டில் ஜனவரி கடைசியிலிருந்து நேர்கோடாக ‘வரவில்லை’ என்று இருக்கும் பெயர்கள் இவர்களுடையவை. எந்த விடுமுறை மாற்றமும் இவர்களுக்கு உதவாது. பள்ளி செய்யக்கூடியது, டிசம்பரிலேயே எந்தக் குடும்பம் எந்தச் சூளைக்குப் போகிறது என்று கேட்டு எழுதிவைத்து, அந்த வட்டாரக் கல்வி அலுவலருக்குப் பிள்ளைகளின் விவரத்தை அனுப்புவதும், தாத்தா பாட்டியிடம் விட்டுப்போகக்கூடிய பிள்ளைகளுக்கு உண்டு உறைவிட வசதியைத் தேடுவதும்தான். குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதும் அதே 9-ஆவது பிரிவில் உள்ள கடமை என்பதை, சேர்க்கத் தயங்கும் பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிடலாம். நாட்காட்டியின் பங்கு ஒன்றே ஒன்று இருக்கிறது: இந்தப் பிள்ளைகள் ஊரில் இருக்கும் ஜூலை முதல் டிசம்பர் வரையான மாதங்களில் விழா ஒத்திகைக்கும் போட்டிகளுக்கும் பாடவேளைகளைக் கொடுத்துவிடாமல் காப்பது.

இதோடு சேர்ந்தது, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத நெகிழ்வு: பாட வரிசை. பருவத் தேர்வுக்குரிய பகுதிக்குள், எந்தப் பாடம் முன், எந்தப் பாடம் பின் என்பதை ஆசிரியரே மாற்றிக்கொள்ளலாம். கணக்கில் பின்னம், வகுத்தல் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் பாடங்களை வருகை நிறைந்த வாரங்களில் வைத்து, தனித்து நிற்கும் பாடங்களை வருகை சரியும் வாரங்களுக்குத் தள்ளினால், ஐந்து நாள் தவறவிட்ட பிள்ளையும் திரும்பி வந்து தொடர முடியும். நேர மாற்றத்தையும் உள்ளூர் விடுமுறையையும் பற்றி இவ்வளவு எழுதிய பிறகும், ஒரு பள்ளியால் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

முன்மொழிவை எழுதி அனுப்புதல்

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும்; பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது இந்தக் குழுவின் பொறுப்பு. உங்கள் நாட்காட்டி முன்மொழிவை அந்தத் திட்டத்தின் பகுதியாகவே வைத்துத் தீர்மானம் போடுங்கள். கூட்டத்தை அறுவடை வேலை முடிந்து தாய்மார்கள் வரக்கூடிய மாலையில் வைத்தால், தலையாட்டும் கூட்டமாக இல்லாமல் பேசும் கூட்டமாக இருக்கும். தீர்மான நகலோடு இணைக்க வேண்டியது ஒரே பக்கம்: மாற்றக் கேட்கும் நாள், மூன்று ஆண்டுகளில் அந்த நாளின் வருகை, ஈடுசெய் நாள், அன்றைய உணவு ஏற்பாடு, மாற்றத்துக்குப் பின் மொத்த வேலை நாட்கள். கடைசி எண் 200-க்கோ 220-க்கோ குறையாமல் இருப்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அலுவலர் முதலில் தேடுவது அதைத்தான். அருகிலுள்ள பள்ளிகளும் அதே நாளைக் கேட்கின்றன என்றால் ஒன்றியம் முழுவதுக்குமாகச் சேர்த்து அனுப்புவது எளிதில் ஒப்புதல் பெறும். அண்ணன் உயர்நிலைப் பள்ளியிலும் தங்கை தொடக்கப் பள்ளியிலும் படிக்கும் வீடுகளில் ஒருவருக்கு மட்டும் விடுமுறை என்ற குழப்பமும் வராது. ஜூன் இறுதிக்குள் அனுப்பிவிட வேண்டும்.

ஒப்புதல் வந்த நாட்களைப் பள்ளிச் சுவரிலும் ரேஷன் கடையிலும் எழுதிப் போடுங்கள். ஈடுசெய் நாள் ஒவ்வொன்றிலும் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பதைத் தனியாக ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எந்தச் சனிக்கிழமை தேறியது, எது தேறவில்லை என்று அடுத்த ஜூனில் அலுவலகத்தில் கேட்கும்போது, அந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.